மாப்பிள்ளை படத்துக்குள் இருந்த வரி

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழுதிவைக்கிறவனுக்கு, அங்கே என்ன எழுதினோம் என்பதாவது ஞாபகம் இருக்க வேண்டும். எனக்கு இல்லை.

எட்டாவதோடு படிப்பு நின்றது. லாரி கிளீனர், ஓட்டலில் தம்ளர் கழுவுகிறவன், பிறகு சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பெருக்குகிறவன். படுக்கையும் அங்கேயே. (போர்வை கிடையாது. குளிரில் தூக்கம் வராமல் புரோகிராம் எழுதப் பழகினேன்.) தொண்ணூறுகளின் கடைசியில் மலைமேல் கொட்டச்சேட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரானேன்.

காபி வாங்க வருபவர்களுக்குக் காட்ட, செடிகளின் படங்களை வைத்து ஸ்லைடுகள் செய்தேன். செடியின் நிறைகுறை எங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று, ஒவ்வொரு ஸ்லைடுக்குள்ளும் ஒரு குறிப்பை மறைத்துவைக்கப் புரோகிராம் எழுதினேன். ஃபைலைத் திறந்து எங்கே தேடினாலும் அது தெரியாது. முதல் ஸ்லைடில் இரண்டு பட்டன்: ‘விருந்தாளி’யை அழுத்தினால் வெறும் படம். ‘நாங்க’வை அழுத்தினால் படத்துக்கு அடியில் குறிப்பும் வரும். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் அடித்திருந்தேன்.

முதலாளி மகள் ஸ்டெல்லாவுக்கு நிச்சயம். இரண்டு குடும்பத்துப் படங்களையும் அதேபோல் காட்டச் சொன்னார் முதலாளி. செடி ஸ்லைடுகளையே நகல் எடுத்து, படத்தை மட்டும் மாற்றினேன். நகல் எடுத்தால் மறைந்திருப்பதும் கூடவே வரும் என்று எனக்குத் தெரியாது. அன்று கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும், இனி இவர்களும் நாங்கதானே என்று ‘நாங்க’வை அழுத்தினேன்.

ஸ்டெல்லா படத்துக்கு அடியில், ‘பூ நல்லா வெச்சிருக்குது.’ கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்தது மாப்பிள்ளையின் அப்பா, மாரமங்கலத்துக்காரர். அவரே எழுத்துக் கூட்டிப் படித்தார்: “தண்டுல... புழு. வேரோட... புடுங்கி... எரிக்கணும்.”

பதறிப்போய் அடுத்த ஸ்லைடுக்குத் தட்டினேன். மாப்பிள்ளை வின்சென்ட் வந்தார். ‘இன்னும் காய்க்கல. அடுத்த வருஷம் பாத்துட்டு வெட்டிரலாம்.’

மாப்பிள்ளையின் அப்பா எழுந்து செருப்பைத் தேடினார். முதலாளி என்னிடம் வந்தார்.

“கல்யாணம் நின்னா நீ மலை எறங்க பஸ்ஸு தேட வேண்டியதில்ல. நானே உருட்டி உட்டுருவேன்.”

“செடிக்கு எழுதினதுங்க. உள்ள இருக்குதுங்க.”

“எங்க, காட்டு.”

ஃபைலைத் திறந்தேன். படம், சுற்றிலும் பூ பார்டர். வேறொன்றும் இல்லை.

“இல்லாதது எப்படிய்யா வந்துது?”

அப்போது வின்சென்ட் பக்கத்தில் வந்து குனிந்தார். “ஏனுங்கண்ணா, நெசமாலுமே அது எங்கதான் இருக்குது?”

கோபமே இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான். ஃபைலின் கடைசியில் செடி ஸ்லைடுகள் அப்படியே இருந்தன. புழு விழுந்த செடியை வரவழைத்து அடியில் குறிப்பைக் காட்டினேன். அதே வரி.

“அப்பா, இங்க வாங்க. உங்களையச் சொல்லலீங்க, இதையச் சொல்லியிருக்குது.”

ஒரு கால் செருப்போடு வந்த பெரியவர் செடியை உற்றுப் பார்த்தார். அவரும் காபித் தோட்டம் வைத்திருப்பவர். “நொம்ப முத்திப்போச்சு. எரிக்க வேண்டியதுதானுங்க,” என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மோதிரம் மாற்றினார்கள்.

மறு வருஷம் எஸ்டேட்டுக்குப் போன் வந்தது. வின்சென்ட்.

“அண்ணா, எம்பட ஸ்லைடுல அந்த வரிய மாத்திருங்க. பொண்ணு பொறந்திருக்குது.”

இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் என்னிடம் அப்படித்தான் சொல்கிறார்கள்: “வரிய மாத்திருங்க.”