தற்பெருமைப் பயிற்சி

மனித குலத்தைக் கரையேற்றியவை மூன்று: நெருப்பு, சக்கரம், பன்னிரண்டு வாரப் பயிற்சி. இவற்றில் நெருப்பு, கனடாவின் வடகோடி ஏரிக்கரை ஊரான வெள்ளைமீன் முனைக்கு எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஏரிமேல் சறுக்குவண்டியே போதுமாக இருந்ததால் சக்கரம் சற்றுத் தாமதமாக வந்தது. பயிற்சி போன ஆகஸ்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, சின்ன விமானத்தில், நான்கு பெட்டிக் கோப்புகளோடும் ஒரு காபி இயந்திரத்தோடும் வந்து இறங்கியது.

அதன் முழுப்பெயர் "வடபுலப் பூர்வகுடியினர் சுரங்க வேலைவாய்ப்புத் தயார்நிலைக் கூட்டாண்மை." ஊரில் அதை "வகுப்பு" என்றார்கள். வைரச் சுரங்கக் கம்பெனி, அரசு, ஊர்ச்சபை மூன்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. அந்தப் படம் சமுதாயக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. மூன்று பேர் ஒரே பேனாவைப் பிடித்திருக்கிறார்கள். எழுதுவது யார் என்று படத்தில் தெரியாது.

வகுப்பில் பன்னிரண்டு பேர். முடிவில் வேலை ஒன்று: சுரங்கத்தில் ராட்சத லாரி ஓட்டுவது. இரண்டு வாரம் சுரங்கம், இரண்டு வாரம் வீடு. கம்பெனி விமானமே ஊருக்கு வந்து ஏற்றிக்கொண்டு போய், திரும்பக் கொண்டுவந்து விடும்.

அந்த ஒரு வேலை ரோசலி மூஸ்நோஸுக்கு வேண்டியிருந்தது. பதினோரு குளிர்காலமாக, உறைந்த ஏரிமேல் போடும் பனிப்பாதையில் எண்ணெய் டேங்கர் ஓட்டியவள் அவள். ஆனால் இப்போதெல்லாம் பனி கனப்பதற்குப் பிப்ரவரிவரை யோசிக்கிறது. மார்ச்சில் மனம் மாறிவிடுகிறது. போன குளிரில் பாதை திறந்திருந்தது முப்பத்தொரு நாள்தான். மிச்ச நாளுக்கு என்ன செய்வது? தெற்கே எட்மன்டனில் இருக்கும் நாத்தனார், ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் வேலை பார்த்து வைத்திருந்தாள். நவம்பர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். சுரங்க வேலை கிடைத்தால் ஊரிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் கணவன் லியோ வலையைச் சுருட்ட வேண்டும். வாயைத் திறந்தால் தங்கள் குடியின் த்லிச்சோ மொழி பேசும் இரண்டு பெண்பிள்ளைகளும் தெற்கே போய் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பயிற்சியாளர் பெயர் ட்ரெவர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. கதை போகிற போக்கில் மறந்துவிடக்கூடும்.

முதல் நாள் அவர் படிவத்தோடு ரோசலியிடம் வந்தார்.

"பெரிய வண்டி எதாவது பழக்கம் இருக்கா ரோசலி?"

"உக்காந்திருக்கேன்."

"பயணியாவா?"

"சில நேரம்."

பின் வரிசையில் ஆர்ச்சி சிரித்தான். ரோசலியின் சித்தி மகன். "வாத்தியாரே, அக்கா சில நேரந்தான் பயணி."

ட்ரெவர் புன்னகைத்தபடி எழுதினார்: "கனரக வாகன அனுபவம்: இல்லை. ஆர்வம்: உண்டு." எழுதியதைப் படித்துக் காட்டி, சரியா என்றும் கேட்டார். ரோசலி சற்று யோசித்து, "பரவால்ல" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் தனக்கு ஒன்று தெரியும் என்று யாரும் சொல்வதில்லை. வேட்டைக்குப் போகிறவன், "சும்மா அந்தப் பக்கம் பாத்துட்டு வரேன்" என்பான். படகு அமிழ மான்கறியோடு திரும்பினாலும், "கொஞ்சம் கெடச்சது" என்பான். மானுக்கும் ஏரிக்கும் காது உண்டு. ஏரியைத் தெரியும் என்கிறவனை அது சோதித்துப் பார்க்கும். பனியைத் தனக்குத் தெரியும் என்று ஒருவன் ஒருமுறை சொன்னான். ஆள் தப்பித்துவிட்டான். அவனுடைய பனி ஸ்கூட்டர் ஏரிக்கு அடியில் எந்த இடத்தில் கிடக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இந்தக் குறையைக் கூட்டாண்மை முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தது. கோப்பில் அதன் பெயர் "தன்னம்பிக்கைப் பற்றாக்குறை." மருந்தும் பெட்டியிலேயே வந்திருந்தது: பாடம் நான்கு, "என்னை நான் முன்வைத்தல்."

"ஒவ்வொருத்தரா எழுந்து, உங்ககிட்ட இருக்கற மூணு திறமையச் சொல்லுங்க. கூச்சமே படாதீங்க," என்றார் ட்ரெவர்.

வெகுநேரம் யாரும் எழவில்லை. காபி இயந்திரம் மட்டும் தன்னால் முடிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் ஆல்ஃபோன்ஸ் என்கிற ஐம்பது வயதுக்காரர் எழுந்தார்.

"எங்க அண்ணன் நல்லா வலை போடுவாரு."

உட்கார்ந்துவிட்டார்.

"உங்களப் பத்திச் சொல்லணும், ஆல்ஃபோன்ஸ்."

மறுபடி எழுந்தார். "நான் அவரோட தம்பி."

அடுத்தவள், பக்கத்தில் இருந்தவளின் ரொட்டி நன்றாக இருக்கும் என்றாள். பக்கத்தில் இருந்தவள் பதறி, "ஐயய்யோ, அது மாவு நல்ல மாவு," என்றாள். அந்த வார அறிக்கையில் ட்ரெவர் இப்படிப் பதிவு செய்தார்: "குழு உணர்வு கவலைக்கிடமான அளவில் உள்ளது. கூடுதல் வகுப்புகள் தேவை."

ஆர்ச்சி மட்டும் விதிவிலக்கு. அவன் எழுந்து நெஞ்சை நிமிர்த்தினான். "நான் கரடிக்குப் பல்லு தேச்சு விட்டிருக்கேன். டயரே இல்லாம டிரக் ஓட்டியிருக்கேன். ஒருதடவ விமானம் ஸ்டார்ட் ஆகல; பின்னாடியிருந்து தள்ளிவிட்டேன்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஆர்ச்சி வாழ்நாளில் ஓட்டிய ஒரே வண்டி அவன் தங்கையின் நாலுசக்கர ஸ்கூட்டர்தான். அதையும் மீன் புகைபோடும் கூடாரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தியவன்.

ட்ரெவர் கைதட்டினார். "பாத்தீங்களா? இந்த உற்சாகந்தான் வேணும்!" பத்துக்கு ஒன்பது. கண்ணைப் பார்த்துப் பேசாததற்கு ஒன்று குறைத்தார்.

வகுப்பு முடிந்ததும் ரோசலி அவனைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு மட்டும் எப்படிடா வாய் வருது?"

"கைவிளையாட்டுல, எந்தக் கையில காய ஒளிச்சு வச்சிருக்கோம்னு மூஞ்சியாலயே பொய் சொல்றோமில்ல? அதே மாதிரிதான்க்கா. பொய்தானே."

"நான் சொல்ல வேண்டியது நெசமாச்சேடா."

ஆர்ச்சியின் முகத்தில் முதல்முறையாகக் கவலை தெரிந்தது. "அப்ப கஷ்டந்தான். பொய் சொன்னா ஏரி சிரிச்சிட்டுப் போயிரும். நெசத்தச் சொன்னாத்தான் நிறுத்தி வச்சு விசாரிக்கும்."

ஆனாலும் வேலை வேண்டும். ரோசலி வீட்டில் ஒத்திகையைத் தொடங்கினாள். லியோ மேசையில் மீன் அறுத்துக்கொண்டிருந்தான்.

"நான் ஒரு சிறந்த ஓட்டுநர்," என்றாள், பாதிக் குரலில்.

லியோ கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஜன்னலைச் சாத்தினான்.

"எதுக்குச் சாத்துற?"

"குளிருது."

"வேர்க்குதுன்னு இப்பத்தானே தெறந்த?"

"அப்ப வெறும் மீனுதான் அறுத்துக்கிட்டிருந்தோம்."

உள்ளறையிலிருந்து பெரியவள் கேட்டாள். "அப்பா, அம்மா யாரத் திட்டுது?"

"திட்டலம்மா. பாராட்டுது."

"யார?"

லியோ கத்தியை எடுத்து மறுபடி மீனை அறுக்கத் தொடங்கினான். குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது.

எழுதிப் பார்த்தால் முன்னேற்றம் தெளிவாகத் தெரிகிறது. ஏழாவது வாரத்தில் ரோசலி காலணியைப் பார்க்காமல் "நான்" என்று சொன்னாள். ஒன்பதாவது வாரத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வினைச்சொல் வந்தது. பதினோராவது வாரம் வகுப்பின் நடுவில் எழுந்து, "எனக்குக் கொஞ்சம் வண்டி ஓட்டத் தெரியும்," என்றாள். ட்ரெவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் 'கொஞ்சத்த' மட்டும் எடுத்துருங்க ரோசலி."

"அத எடுத்தா நான் கீழ விழுந்துருவேன்."

நவம்பர் முதல் வாரம் நேர்முகத் தேர்வு. கம்பெனியின் மனிதவள அதிகாரி பமீலா நேரில் வந்திருந்தார். பக்கத்தில் ட்ரெவர், மகளைப் பரீட்சைக்கு அனுப்பும் தகப்பன் போல. அவர்களுக்குப் பின்னால் பெரிய ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே ஏரி. ரோசலி அனுமதி கேட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். ஏரிக்கும் தேர்வுக் குழுவுக்கும் சேர்த்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"பதினோரு குளிர்காலம் டேங்கர் ஓட்டியிருக்கேன். எழுநூத்தி நாப்பது நடை. ஒண்ணக்கூட சாய்ச்சதில்ல. பனி எங்க மெலிசா இருக்குன்னு சக்கரத்துச் சத்தத்த வச்சே தெரியும். மைனஸ் நாப்பத்தஞ்சுல தனியா டயர் மாத்தியிருக்கேன். பள்ளத்துல மாட்டின லாரி ரெண்டு இழுத்து வெளிய விட்டிருக்கேன். ரெண்டும் உங்க கம்பெனி லாரி. நான் நல்ல ஓட்டுநர்."

ட்ரெவர் அழுதுகொண்டிருந்தார். இவ்வளவு குறைந்த காலத்தில் இவ்வளவு தன்னம்பிக்கையை எந்தக் கூட்டாண்மையும் உண்டாக்கியதில்லை.

"அருமை," என்றார் பமீலா. "ரொம்ப அருமை. ஒரே ஒரு சின்னச் சிக்கல். இந்த வேலை அனுபவம் இல்லாதவங்களுக்கு ஒதுக்கினது. விதி ஆறு."

ரோசலி நாற்காலியோடு திரும்பினாள். "நான் மொதநாளே ஒண்ணுமில்லன்னுதானே சொன்னேன்."

"இப்ப அப்படிச் சொல்லலையே."

"நீங்கதான சொல்லச் சொல்லி மூணு மாசம் சொல்லிக் குடுத்தீங்க!"

"ஆமா, பயிற்சி நல்லா வேலை செஞ்சிருக்கு," என்றார் பமீலா மனநிறைவோடு.

"வேணும்னா இப்பச் சொன்னதெல்லாம் பொய்னு வச்சுக்கோங்க."

"அது நேர்மைப் பிரிவுல வந்துரும். விதி ஒன்பது."

ட்ரெவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு குறுக்கிட்டார். "அனுபவம் உள்ளவங்களுக்கு வேற வழி இருக்குல்ல?"

பமீலாவின் முகம் மலர்ந்தது. "இருக்கே! நேரடி நியமனம். இன்னிக்கே கையெழுத்துப் போடலாம். இப்படி ஆள் கெடைக்காமதான் தவிக்கிறோம்."

ரோசலி மூச்சு விட்டாள். "இங்க வந்துதானே ஏத்திக்குவீங்க?"

"இல்ல, ஊர் விமானம் பயிற்சித் திட்டத்து ஆளுக்கு மட்டும். அனுபவசாலிகளுக்கு எட்மன்டன் விமானம்."

"ஏன்?"

பமீலா கோப்பைப் புரட்டினார். அந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருந்தது. "அனுபவசாலிங்க அங்கதானே இருக்காங்க," என்றார்.

அன்று மாலை லியோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"கெடச்சாப் போக வேண்டாம், கெடைக்கலன்னாப் போகணும்னு சொன்ன. இப்ப கெடச்சுதா, கெடைக்கலையா?"

"கெடச்சிருச்சு."

"அப்ப?"

"போகணும்."

லியோ எழுந்து வலையைச் சுருட்டப் போனான். ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று மெதுவாகச் சுருட்டினான். பிள்ளைகள் அவனுக்கு உதவி செய்யாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டாண்மை வேலை ஆர்ச்சிக்குக் கிடைத்தது. கரடிக்குப் பல் தேய்த்தது கனரக வாகன அனுபவத்தில் சேராது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

ஜனவரியில் அவன் முதல்நாள் வேலைக்குப் போனான். ஊர் ஓடுபாதையிலிருந்து அரைமணி நேரம். புது ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கத் தெற்கிலிருந்து நிபுணர் ஒருவரை நியமித்திருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு மாடி உயர லாரியில் ஏணி வழியாக ஏறி, ஓட்டுநர் அறைக் கதவைத் திறந்தான்.

"கால வெளியில தட்டிட்டு வாடா," என்றார் நிபுணர்.

"அக்கா!" ஆர்ச்சிக்கு வாய் அடைத்துவிட்டது. பிறகு திறந்தது. "எட்மன்டன் எப்படி இருக்கு?"

"சூடா இருக்கு. சின்னவ பள்ளிக்கூடத்துல பேசவே மாட்டேங்கறாளாம்."

"வரும்போது நம்ம ஊரு மேலதானே வந்த? தெரிஞ்சுதா?"

"வலது பக்க ஜன்னல்ல. நாலு நிமிசம்." அவள் சாவியை அவன் கையில் வைத்தாள். "இதுக்கு டயர் இருக்கு. பாத்து ஓட்டு."

கூட்டாண்மையின் முதலாண்டு அறிக்கை வழுவழுப்பான தாளில் வந்திருக்கிறது. பயிற்சி பெற்றோர் பன்னிரண்டு. தன்னம்பிக்கை உயர்வு நூறு விழுக்காடு. கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை: வெள்ளைமீன் முனையில் அனுபவமுள்ள கனரக வாகன ஓட்டுநர் ஒருவர்கூட இல்லை என்று கள ஆய்வில் தெரியவருவதால், பயிற்சியை மேலும் ஐந்து ஆண்டுகள் நீட்டிக்க வேண்டும். ஆய்வில் பிழை ஏதும் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். பயிற்சி வருவதற்கு முன்னால் கேட்டிருந்தால், ஒருவர் இருந்திருப்பார்.