எழுபது வளைவும் ஒரு முட்டியும்

சிகிச்சை மையத்தின் பின்வாசல் வழியாக, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அசோக் வெளியே வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நல்லுசாமி அவனைப் பார்த்துவிட்டார்.

“என்னப்பா இந்தப் பக்கம்?”

“சும்மாதானுங்கண்ணா,” என்று சொல்லிவிட்டு அவன் நிற்காமல் நழுவினான்.

டீக்கடைக்குச் சும்மா வரலாம். கோயிலுக்குக்கூடச் சும்மா வரலாம். முட்டியும் முதுகும் போனவர்கள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிசியோதெரபி மையத்துக்கு எவனாவது சும்மா வருவானா? நல்லுசாமிக்கு அந்த நிமிடமே சந்தேகம் தட்டியது.

காரணம் இல்லாமல் இல்லை. பதினெட்டு வருடமாகக் கொல்லிமலை பஸ் ஓட்டுகிறவர் அவர். எழுபது கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்று பெருமையாகச் சொல்வார். கேட்கிற பயணிகள் கண்ணை மூடிக்கொள்வார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு மிளகு மூட்டை தடுக்கி விழுந்ததில் இடது முட்டி போயிற்று. கிளச் மிதிக்கிற கால். அவருக்குப் பதிலாக வண்டியை எடுத்தவன்தான் இந்த அசோக்.

“மாசக் கடைசிக்குள்ள சர்ட்டிபிகேட்டோட வந்தா வண்டி உனக்கு. இல்லேன்னா அசோக்கே ஓட்டட்டும்,” என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஸ்டியரிங் இல்லாத நல்லுசாமியை அவர் ஊரான வாழவந்தி நாட்டில் யார் சீந்துவார்கள்?

சர்ட்டிபிகேட் எழுத வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா. திருச்சிக்காரர். அன்று அவர் நல்லுசாமியின் முட்டியை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார்.

“இன்னைக்கு வீட்ல எந்தப் பயிற்சியும் வேண்டாம். காலுக்கு நல்லா ஓய்வு குடுங்க. நாளைக்குக் காலைல வாங்க,” என்றார்.

ஒரு மாதமாகப் பயிற்சி, பயிற்சி என்று உயிரை எடுத்த மனுஷி இன்று திடீரென்று வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? நல்லுசாமி வீட்டுக்கு வந்ததும் மனைவி வளர்மதியிடம் விஷயத்தை உடைத்தார்.

“அந்தப் பய வந்து பேசிட்டுப் போறான். ஒடனே இந்தம்மா பயிற்சி வேண்டாங்குது. ரெண்டு பேரும் கூட்டு.”

“ஓய்வெடுங்கன்னுதானுங்க சொல்லியிருக்காங்க?”

“அங்கதான் சூழ்ச்சியே. கால சும்மா போட்டு வெச்சா அது செத்துப் போயிரும். வண்டி அவனுக்குப் போயிரும்.”

அன்று சாயங்காலமே இருநூறு தோப்புக்கரணம் போட்டார். மறுநாள் முட்டி பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது. ஜெசிந்தா அதைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

“நேத்து என்ன பண்ணீங்க?”

“ஓய்வெடுத்தேன்,” என்றார் நல்லுசாமி, கண் இமைக்காமல்.

“இன்னும் நாலு நாள் ஆகும்.”

பார்த்தீர்களா, நினைத்தது சரிதான் என்று நல்லுசாமி முடிவே கட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த அம்மா ஐஸ் வைக்கச் சொன்னால் இவர் வெந்நீர் ஊற்றினார். படி ஏறாதீர்கள் என்று சொன்ன அன்று, அருவிக்குப் போகும் படிக்கட்டில் பாதி வரை இறங்கி, மூச்சிரைக்க ஏறி வந்தார். நாலு நாள் எட்டு நாளாகியது. மாதக் கடைசி கிட்டே வந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் வளர்மதியை உளவுக்கு அனுப்பினார்.

“இடுப்பு வலின்னு சொல்லிட்டுப் போயிப் படு. அசோக் வந்தா என்ன பேசறாங்கன்னு கேட்டுட்டு வா.”

போனவள் இரண்டு மணி நேரம் கழித்து முகமெல்லாம் மலர்ச்சியாகத் திரும்பினாள்.

“ஏனுங்க, எனக்கு நெசமாலுமே இடுப்பு வலி இருக்குதாமுங்க. கல்யாணமாகி இத்தன வருசத்துல எங்க வலிக்குதுன்னு கேட்ட மொத ஆளு அந்தம்மாதான். இனிமேல் நான் கனம் தூக்கக் கூடாதாம்.”

“அத வுடு. அசோக்கு?”

“வந்துச்சுங்க. அந்தம்மா அந்தப் பையனத் திரைக்கு அந்தாண்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க. ‘உங்களத்தாம்மா நம்பியிருக்கறேன்’னு அழுவாத கொறையாக் கெஞ்சுச்சு.”

நல்லுசாமிக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கொதிப்போடுதான் மறுநாளிலிருந்து தண்ணீர்க் குடங்களையும் விறகுக் கட்டையும் அவரே சுமந்தார். முட்டி இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

மாதக் கடைசிக்கு முதல் நாள். நல்லுசாமி நொண்டிக்கொண்டே மையத்துக்குள் புகுந்து, யாரையும் கேட்காமல் திரையை இழுத்துத் தள்ளினார்.

உள்ளே அசோக் சட்டையில்லாமல் குப்புறப் படுத்திருந்தான். வலது தோள்பட்டையில் கரண்டு வைக்கும் மெஷினின் ஒயர்கள் ஒட்டியிருந்தன. ஜெசிந்தா பக்கத்தில் நின்றிருந்தார்.

“என்ன நடக்குது இங்க?”

அசோக் முகத்தைத் தூக்காமலே பேசினான். “ஸ்டியரிங்கத் திருப்பித் திருப்பி தோளு போச்சுங்கண்ணா. தெனம் நாலு நடை. ஒவ்வொண்ணுக்கும் எழுபது வளைவு. அண்ணன எப்பங்கம்மா வண்டிக்கு அனுப்புவீங்கன்னு கேக்கத்தான் தெனமும் வாரேன். இந்த வயசுல முடியலேன்னு வெளிய சொன்னா ஊரு சிரிக்குமுங்க.”

நல்லுசாமி இதற்கெல்லாம் மசிகிற ஆளா?

“கதை வுடாதடா. ஓய்வெடுன்னு இந்தம்மா சொன்ன அன்னிக்கே நான் உசாராயிட்டேன். அன்னிக்குச் சாயங்காலமே இருநூறு தோப்புக்கரணம் போட்டவன் நான். யாருகிட்ட?”

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூலையில் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்த ஆயா ராக்கம்மாள் மெதுவாகத் தலையை நிமிர்த்தினாள்.

“ஏனுங்க டிரைவரே, அன்னிக்கு மத்தியானமே அம்மா உங்க சர்ட்டிபிகேட்டுல கையெழுத்துப் போட்டாச்சுங்க, மறுநாள் டாக்டர் வந்து சீல் வெக்கறது ஒண்ணுதான் பாக்கி, நீங்க வீங்கி வர்றப்பல்லாம் தேதியத்தான் அடிச்சடிச்சு மாத்திக்கிட்டு இருக்கறாங்க.”