டீசல் அண்ணை தீவுக்குப் போனார்

விருந்துக்குப் போன வீட்டில் சாப்பாட்டைப் பார்க்குமுன் மின்சாரப் பெட்டியைப் பார்க்கும் மனிதர் ஒஸ்லோவிலேயே டீசல் அண்ணை ஒருவர்தான். நகரை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் ஒரு பிறந்தநாள் விழா. எல்லோரும் கேக்கைச் சுற்றி நிற்க, அவர் கீழே வெந்நீர்த் தொட்டியில் காதை வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கேக் வெட்டப் போறம், மேலை வாங்கோ!"

"பொறுங்கோ! இது ஓய்வில்லாமல் ஓடுது. ஆர் இந்தத் தொட்டியைப் பூட்டித் தந்தது?"

அவர் எரிசக்திப் பொருளாதார நிபுணர். நாட்டின் வடகோடிச் சிற்றூர்கள் எப்படி விளக்கெரிக்கின்றன, எப்படிக் குளிர் காய்கின்றன என்பதுதான் அவர் ஆராய்ச்சி. டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்கும் ஊர்களைப் பற்றியே பேசிப் பேசி அந்தப் பெயர் வந்தது. மதுரையிலிருந்து வந்து அவரிடம் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் "சார்" என்றேன்.

"சார் கீர் ஒண்டும் வேண்டாம், பிள்ளை. அண்ணை எண்டு சொல்லும்."

ஒரு குளிர்காலம், வடக்கே ஒரு சின்னத் தீவுக்குப் போகும் கடலடி மின்கம்பி புயலில் அறுந்தது. புதுக் கம்பி போடுவதா, மக்களைக் கரைக்குக் குடியேற்றுவதா என்று அரசாங்கம் எங்களைக் கேட்டது. கணக்குப் போட்டவள் நான். குடியேற்றுவதே மேல் என்று வந்தது. அண்ணை அறிக்கையை அனுப்பவில்லை. "முதல் அந்தச் சனத்துக்கு முகத்தைப் பாத்துச் சொல்லோணும்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு படகேறினார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. இளையவர்கள் எப்படியும் போய்விடுவார்கள் என்ற இடத்தை அவர் வாசித்தபோது, கைக்குழந்தையோடு ஒரு பெண் எழுந்தாள்.

"நான் போன வருஷம்தான் திரும்பி வந்தேன். என்னை எங்கே சேர்த்திருக்கிறீர்கள்?"

அண்ணை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவளை நாங்கள் எங்கேயும் சேர்க்கவில்லை. அவர் தாள்களை மடித்துப் பையில் வைத்தார். "இந்த அறிக்கை பிழை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

திரும்பும் படகில் நான் அழுதேன்.

"உம்மட கணக்குச் சரி, பிள்ளை. நான்தான் ஒருத்தரையும் கேக்காமல் கேள்வியைப் போட்டிட்டன்."

பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டு, புதிதாக எழுதினார். கெடு தாண்டிவிட்டதென்று அலுவலகம் அவரிடமிருந்த பிரிவுத் தலைவர் பதவியைப் பறித்தது. தீவுக்குப் புதுக் கம்பி போகவில்லை. ஒரு காற்றாலையும் மின்கலங்களும் போயின. ஊர் கலையவில்லை.

போன மாதம் மருத்துவமனையிலிருந்து ஒரு தாதி அழைத்தார். அண்ணைக்கு இருதய அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாம், கண் விழித்துவிட்டாராம். "நெருங்கிய உறவினர் என்ற இடத்தில் உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறார். நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.