பன்னிரண்டு மைலில் இருக்கும் பனியை ஆயிரம் மைல் சுற்றிப் போய்ப் பார்த்தது

ஜூனோ, அலாஸ்கா
ஜூன் 24

நெப்ராஸ்கா சோளக்காட்டின் அதிபதியும், என் மனைவியோடு பிறந்த ஒரே அண்ணனும், தாராள மனசுக்குப் பேர்போனவருமான டெல்மர் மச்சான் அவர்களுக்கு ஆர்விட் டோலெஃப்சன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் வெர்னாவும் நலம், அதாவது உயிரோடு இருக்கிறோம். அங்கே உங்கள் நலமும், இடது முழங்கால் நலமும், டிராக்டர் நலமும் அறிய ஆவல்.

எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்கு நீங்கள் அனுப்பிய பரிசைப் பற்றி விவரமாக எழுதச் சொல்லியிருந்தீர்கள். எழுதுகிறேன். நாற்பது வருஷமாக அலாஸ்காவிலேயே குடியிருக்கும் இரண்டு பேருக்கு அலாஸ்காவைச் சுற்றிக்காட்டும் கப்பல் சீட்டு. அதிலும் முப்பத்தோரு வருஷம் நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டி, விடியற்காலையில் எழுந்து பனியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளித் தள்ளியே முதுகைத் தொலைத்த ஒருவனுக்கு, ஏழு நாள் உட்கார்ந்து பனியைப் பார்க்கும் பாக்கியம். இப்படி யோசிக்க எல்லோராலும் முடியாது மச்சான். உங்கள் அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு மூட்டை சோளம் வாங்கி அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

எங்கள் வீட்டிலிருந்து பனியாறு பன்னிரண்டு மைல் கூட இல்லை. ஆனால் உங்கள் கப்பல் சியாட்டிலில்தான் புறப்படும். ஆகவே ஜூனோவைப் பார்ப்பதற்காக ஜூனோவிலிருந்து விமானம் ஏறி ஆயிரம் மைல் தெற்கே போனோம். கப்பல் பதினாலு மாடி. எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது, அதற்குப் பதில் சுவரில் ஒரு டிவி, அதில் இருபத்துநாலு மணி நேரமும் கடல். வெளியே நிஜக் கடல் இருக்கும்போது உள்ளே டிவியில் கடலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது ஒரு தனி சுகம். முதல் நாள் காபி வாங்கப் போனவன் திரும்பி வர வழி தெரியாமல் ஏதோ ஒரு கதவைத் திறந்தேன், அது துண்டை மடித்து அன்னப்பறவை செய்யும் வகுப்பு. "லேட்டா வந்தாலும் பரவாயில்ல, உட்காருங்க" என்று ஒரு பெண் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டாள். வெர்னா கப்பல் முழுக்கத் தேடிக் கடைசியில் என்னைக் கண்டுபிடித்தபோது என் கையில் ஒரு அன்னமும் ஒரு சான்றிதழும் இருந்தன. அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது. பழைய வெர்னாவாக இருந்தால் தரையில் உட்கார்ந்து சிரித்திருப்பாள்.

சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு வாய்த்த துணை அரிசோனாவிலிருந்து வந்த ஃப்ளோரீன் அம்மாள். நான் ஜூனோக்காரன் என்று தெரிந்ததும் என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார். "நிஜமாவே இங்கயே இருக்கீங்களா? குளிர்காலத்துல கூடவா?" என்றார். "இல்லம்மா, குளிர்காலத்துல எங்கள மடிச்சு அலமாரியில வெச்சுடுவாங்க" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார்.

முதல் துறைமுகம் கெட்சிக்கன். மழை பெய்தது என்று எழுதினால் கெட்சிக்கன் ஆட்கள் அது மழையே இல்லை என்பார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். எனக்கு வேண்டியது ஒரு பாக்கெட் தூண்டில் முள். கரையில் இறங்கி நாலு தெரு நடந்தேன். வைரக்கடை, வைரக்கடை, அதற்கு அடுத்து வைரம் பிடிக்காதவர்களுக்காக ஒரு தங்கக்கடை. சால்மன் மீன் பிடித்துப் பிழைக்கும் ஊரில் தூண்டில் முள் கேட்டால், கடைக்காரன் "காதுல போடறதா சார்?" என்று கேட்கிறான். நான் வெறுங்கையோடு திரும்பியபோது வெர்னா மழையில் நனைந்துகொண்டு படகுத்துறை ஓரத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஒரு கடல்நாய் தலையை நீட்டி, மீன் வெட்டுகிறவன் எறியும் குடலுக்காகக் காத்திருந்தது. "ஒண்ணு" என்றாள் தனக்குள்ளேயே. பிறகு திரும்பி நடந்தாள்.

உங்களுக்குத் தெரியும், இருபத்தாறு கோடைக்காலம் அவள் செய்த வேலை அதுதான். மலைகளுக்கு நடுவே கடல் நுழையும் எண்டிகாட் நீர் இடுக்குக்குள் சின்னப் படகில் போய், பனியாற்றின் முன்னால் மிதக்கும் பனிக்கட்டிகள் மேல் எத்தனை கடல்நாய், எத்தனை குட்டி என்று எண்ணிக் குறித்து ஆராய்ச்சிக்காரர்களிடம் கொடுப்பது. முட்டி தேய்ந்துபோய் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இரண்டு வருஷமும் அவள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து என்ன எண்ணினாள் என்று நான் கேட்கவில்லை. என்னை அங்கே போய் உட்கார்ந்து பேசச் சொன்னால் நான் போய் வண்டிக்கு எண்ணெய் மாற்றுகிற ஆள்.

இரண்டாவது துறைமுகம், உங்கள் தயவால், ஜூனோ. என் ஊருக்கு நான் சுற்றுலா வந்தேன். சீட்டோடு பஸ் பயணமும் சேர்த்துக் கொடுத்திருந்தீர்கள், அதை வீணாக்கக் கூடாது என்று வெர்னா ஒரே பிடி. பஸ் ஓட்டுகிறவன் யார் என்று நினைக்கிறீர்கள்? ராய்ஸ். பனி தள்ளும் வண்டியில் பதினெட்டு வருஷம் என் ஜோடி. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"வாங்க சார், வாங்க! வெளியூருங்களா?"

"டேய் ராய்ஸ், வேணாம்."

"பேரெல்லாம் கத்துக்கிட்டு வந்திருக்காரு பாருங்க!" என்று ஒலிபெருக்கியிலேயே சொன்னான். "எல்லாரும் இவருக்கு ஒரு கை தட்டுங்க. சார், இந்த வெள்ளையா தெரியுது பாருங்க, அதுக்குப் பேரு பனி. தொடாதீங்க, குளிரும்."

நாற்பது பேர் கை தட்டினார்கள். பனியாற்றுக்குப் போகும் வழி எங்கள் தெருவை ஒட்டித்தான். ராய்ஸ் வேண்டுமென்றே வண்டியைத் தெருவுக்குள் திருப்பினான், என் வீட்டைக் காட்டி என்னை இன்னும் கொஞ்சம் கேவலப்படுத்தலாம் என்று. ஆனால் அவனே எதிர்பார்க்காதது, என் கேரேஜ் கதவு திறந்து கிடந்தது, உள்ளே ஒரு கறுப்புக் கரடி என் ஃப்ரீஸரைத் திறந்துவைத்துக்கொண்டு, போன வருஷம் நான் பிடித்த ஹாலிபட் மீனைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தது. பஸ் முழுக்க எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து படம் பிடித்தது. நான் "அது என் வீடு! என் மீன்!" என்று கத்தினேன். ஃப்ளோரீன் அம்மாள் பக்கத்து சீட்டுக்காரரிடம், "கம்பெனியிலேயே ஆள் வெச்சு நடிக்க வைக்கிறாங்க, எவ்ளோ தத்ரூபமா இருக்கு" என்றார். வெர்னா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கேரேஜை மூடுன்னு ரெண்டு தடவ சொன்னேன்" என்றாள். ராய்ஸ் ஹாரனை நீளமாக அழுத்தினான், கரடி கடைசிப் பொட்டலத்தை வாயில் கவ்விக்கொண்டு, அவசரமே இல்லாமல், எங்கள் பூச்செடிகள் வழியாகக் காட்டுக்குள் போனது.

பஸ்ஸிலிருந்து இறங்கி, கேரேஜ் கதவைப் பூட்டிவிட்டு நான் என் கட்டிலில் படுத்துவிடலாம் என்று பார்த்தேன். கப்பல் அதிகாரி ஒருவர் போனில் மிகவும் மரியாதையாக, சியாட்டிலில் ஏறியவர் சியாட்டிலில்தான் இறங்க வேண்டும், நடுவில் இங்கே பயணத்தை முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது என்றார். "சார், நான் என் வீட்ல என் செருப்போட நிக்கிறேன்" என்றேன். "புரியுது சார், நாலரை மணிக்குள்ள கப்பலுக்கு வந்துடுங்க" என்றார்.

மூன்றாவது ஸ்காக்வே. தங்கம் தேடிப் போனவர்கள் ஏறிய மலையில் இப்போது ரயில் ஏறுகிறது. வழிகாட்டி, குளிரில் செத்த குதிரைகளின் கணக்கை உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது வெர்னா தன் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். வெள்ளை வராந்தா வைத்த வீடு. சுற்றி ஒரு மேடு பள்ளம் இல்லாத பூமி. பின்னால் உங்கள் கையெழுத்து.

"டெல்மருக்குப் பக்கத்து வீடு. காலியா இருக்காம்."

"அதுக்கு?"

"கடைசியா ஒரு தடவ எல்லாத்தையும் கண்ணாரப் பார்த்துட்டு வந்துடுன்னான். அதுக்குத்தான் சீட்டு."

"எங்கிட்ட எப்ப சொல்றதா இருந்த?"

"நீ எப்ப கேக்கறதா இருந்த ஆர்விட்?" என்றாள். "இங்க என்னை யாரு தேடறா? உனக்கு உன் வண்டி இருக்கு, ராய்ஸ் இருக்கான். எனக்கு அந்த ஜன்னல்தான் இருக்கு. ஜன்னல் நெப்ராஸ்காவுலயும் இருக்கும்."

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. இருட்டில் நான் அந்தப் புகைப்படத்தைத் தடவி எடுத்து அவள் பைக்குள் திருப்பி வைத்தேன். ஆக, மச்சான், நீங்கள் அனுப்பியது பரிசு இல்லை, வழியனுப்பு. இவ்வளவு பக்குவமாக ஒரு மனிதனின் வீட்டைக் கலைக்க, முன்கூட்டியே தள்ளுபடி விலையில் சீட்டு வாங்கி அனுப்ப, உங்களால்தான் முடியும்.

மறுநாள் காலை எண்டிகாட் இடுக்கு. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, அருவிகள், தண்ணீர் பாலில் பச்சை கலந்த மாதிரி, கோடியில் பனியாறு. தளத்தில் ஆயிரத்து ஐந்நூறு பேர், கையில் சூடான சாக்லேட். பிரெஸ்காட் என்றொருவர், கப்பலின் சொற்பொழிவாளர், வெண்ணெய்க் குரல், கழுத்தில் பட்டுத்துணி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார். பனி நீலமாக இருப்பது வானத்தின் நிழலாம். வெர்னா என் பக்கத்தில், "பொய்" என்றாள். கட்டிகள் மேல் படுத்திருப்பவை கடல்சிங்கங்களாம். "பொய்" என்றாள், கொஞ்சம் சத்தமாக. இந்தப் பனியாறு ஆயிரம் வருஷமாக இதே இடத்தில் அசையாமல் நிற்கிறதாம். "நான் மொதல்ல வந்தப்ப அதோ அந்தப் பாறை வரைக்கும் இருந்துச்சுடா!" என்றாள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிரெஸ்காட் சிரித்த முகத்தோடு அடுத்ததற்குப் போனார். "நண்பர்களே, பனியாறு தூங்கிக்கிட்டு இருக்கு. நாம எல்லாரும் சேர்ந்து எழுப்புவோமா? மூணு எண்ணுவேன், எல்லாரும் அடிவயித்திலிருந்து கத்தணும். அப்பத்தான் பனி உடைஞ்சு விழும்!"

ஆயிரத்து ஐந்நூறு பேர் மூச்சை இழுத்தார்கள். நான் பக்கத்தில் பார்த்தேன், வெர்னா இல்லை. அந்த முட்டியோடு படியேறி, பிரெஸ்காட் "ரெண்டு" என்று சொல்லும்போது அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"யாரும் வாயைத் தொறக்கக் கூடாது."

பிறகு கையை நீட்டிக் காட்டினாள்.

"இடது பக்கம் பெரிய கட்டிக்குக் கீழ பாருங்க. சாம்பல் கலர்ல சின்னதா ஒண்ணு கிடக்கு. அது பொறந்து நாலஞ்சு நாள்தான் இருக்கும். நீங்க கத்துனா தாய் பயந்து தண்ணில குதிச்சுடும். கட்டி நகந்துகிட்டே இருக்கும், தாய் திரும்பி வர்றப்ப குட்டி எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. பால் இல்லாம அது ரெண்டு நாள் கூடத் தாங்காது. உங்களுக்குப் பனி விழணும், அவ்வளவுதானே? அது விழும். உங்களக் கேட்டு விழாது. சும்மா நில்லுங்க."

பிரெஸ்காட் மைக்கைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினார். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அப்போதுதான் நடந்தது. நான் அவருக்கும் வெர்னாவுக்கும் நடுவே போய் நின்றுகொண்டேன். "சார், அந்தப் பொம்பளைகிட்ட நாப்பது வருஷமா நானே மைக்கை வாங்கினதில்ல" என்றேன்.

பத்து நிமிஷம் இருக்கும். ஒருவர் இருமவில்லை. அவள் மெல்லிய குரலில் எண்ணிக்கொண்டே போனாள், நாற்பத்தெட்டு பெரியது, முப்பத்தொன்பது குட்டி, அதோ அந்தப் பிளவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு. ஃப்ளோரீன் அம்மாள் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். அப்போது பனியாற்றின் முகத்திலிருந்து ஒரு ஆறு மாடிக் கட்டடம் அளவுக்கு ஒரு பாளம், முதலில் சத்தமே இல்லாமல், பிறகு இடி மாதிரி, தண்ணீரில் சரிந்தது. யாரும் கத்தவில்லை. பலபேர் அழுதார்கள். முப்பத்தோரு வருஷம் பனியைத் திட்டியே சம்பளம் வாங்கியவன், எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது, காற்று பலமாக இருந்தது.

அன்று மாலை அறையில், டிவிக் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "நெப்ராஸ்காவுக்குப் போகணுமா வெர்னா?"

"அங்க எண்ண என்ன இருக்கு?" என்றாள். "சோளமா?" பிறகு அந்தச் சிரிப்பு. அடுத்த அறைக்காரர் சுவரைத் தட்டும்வரை சிரித்தாள்.

ஆகவே முடிவாகச் சொல்லிவிடுகிறேன் மச்சான். உங்கள் பக்கத்து வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நாங்கள் இந்த ஊரைவிட்டு வரமாட்டோம், இந்த வீட்டைவிட்டுக்கூட நகரமாட்டோம். கப்பல் என்ற வார்த்தையை என் காதுபட யாரும் சொல்லக்கூடாது. பதினாலு மாடி மிதக்கும் ஓட்டலில் அடைபட்டு, எலுமிச்சைத் துண்டு மிதக்கும் சூப்பைக் குடித்து, அன்னம் மடிக்கும் பிழைப்பு என் ஜென்மத்துக்கும் போதும். இனி எங்கள் திருமண நாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை போதும், அதிலும் படம் எதுவும் வேண்டாம்.

உங்கள் வயல் நன்றாக விளையட்டும், உங்கள் முழங்கால் மழைக்கு முன்பே வலிக்காமல் இருக்கட்டும், பேரக்குழந்தைகளுக்கு எங்கள் முத்தங்கள், அண்ணிக்கு வெர்னாவின் அன்பு. இப்படிக்கு, தங்கள் பரிசால் பயனடைந்த தங்கை கணவன்,

ஆர்விட் டோலெஃப்சன்

பி.கு.: இதை எழுதி மூன்று வாரம் ஆகியும் தபாலில் போட முடியவில்லை, காரணம் மேலே முடிவாகச் சொன்னது எதுவும் இப்போது உண்மை இல்லை. அந்தக் கப்பல் கம்பெனிக்குப் பயணிகளிடமிருந்து கடிதம் குவிந்ததாம். பிரெஸ்காட்டை இசை நிகழ்ச்சிக்கு மாற்றிவிட்டார்கள், செப்டம்பர் வரை பனியாற்றைப் பற்றிப் பேச வெர்னாவை அழைத்துவிட்டார்கள், முட்டிக்குத் தோதாக உட்கார ஒரு நாற்காலியோடு. கணவருக்குச் சாப்பாடு இலவசம், நிபந்தனை ஒன்றே ஒன்று, "உள்ளூர்க்காரரைக் கேளுங்கள்" என்ற பலகைக்குக் கீழே தினமும் இரண்டு மணி நேரம் நான் உட்கார வேண்டும். உட்கார்கிறேன். இது இரண்டாவது சுற்று. சூப்பும் பழகிவிட்டது. இன்று காலை வெர்னா அறுபத்திரண்டு குட்டி என்றாள், நான் அறுபத்தொன்றுதான் எண்ணினேன். மத்தியானத்திலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், இரண்டு வருஷத்துக்கு அப்புறம் இப்படி ஒரு நல்ல சண்டை.