நினைவில் வாழும் ஸ்டூடியோக்காரர்

"ஏங்க, உங்க அப்பாவுக்கு என் தங்கச்சி பிறந்தநாள் வாழ்த்து போட்டிருக்கா. நூறு வருஷம் நல்லா இருக்கணுமாம்" என்று மனைவி போனை நீட்டினாள்.

ஸ்டூடியோக்காரருக்குச் சுருக்கென்றது. அப்பா போய் ஒரு வருடம் ஆகிவிட்டது.

"உன் தங்கச்சிக்குத் தெரியாதா என்ன?"

"தெரியும். போன் ஞாபகப்படுத்திச்சாம், யாருன்னு பார்க்காம அமுக்கிட்டாளாம்."

அப்பாவின் சமூக வலைத்தளக் கணக்கை அன்றைக்கே மூடிவிடுவதென்று ஸ்டூடியோக்காரர் உட்கார்ந்தார். பாஸ்போர்ட் போட்டோவில் காது தெரியவில்லை என்று ஊரையே திருத்துகிற மனிதர். ஒரு படிவம் என்ன பிரமாதம்? இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரைப் போட்டார். அடுத்த கட்டம் குடும்பப் பெயர் கேட்டது. நம் ஆட்களுக்கு அது ஏது? குடும்பத்தில் மிச்சம் நான்தானே என்று தன் பெயரை எழுதி, இறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பினார்.

அங்கேதான் வந்தது வினை. அவருடைய சொந்தக் கணக்கும் அதே இரண்டு பெயர்களில்தான் இருந்தது. முதலில் தன் பெயர், பின்னால் அப்பா பெயர். இரண்டும் சேர்ந்த ஒரே ஆளைக் கம்ப்யூட்டர் தேடிப் பிடித்து, மறுநாள் காலையிலேயே சாகடித்துவிட்டது. அவர் படத்துக்கு மேலே 'நினைவில் வாழ்கிறார்' என்று போட்டு, அவரே உள்ளே போக முடியாதபடி பூட்டியும் விட்டது.

"பதறாதே, உன் கணக்கிலிருந்து ஒரு வார்த்தை எழுது" என்று மனைவியிடம் சொன்னார்.

'என் வீட்டுக்காரர் நல்லா இருக்கார். பக்கத்துல உக்காந்து டீ குடிச்சிக்கிட்டிருக்கார்' என்று மனைவி எழுதினாள்.

'ஐயோ பாவம், அதிர்ச்சியில என்னென்னமோ எழுதறாங்க. தனியா விடாதீங்க' என்று பதில்கள் குவிந்தன.

அன்றைய செய்தித்தாளைக் கையில் பிடித்து, ஸ்டூடியோவில் விளக்கெல்லாம் போட்டு, தன்னைத்தானே ஒரு படம் எடுத்து மனைவியின் கணக்கில் போட்டார். 'கம்ப்யூட்டர்ல செஞ்ச படம். உயிரோட இருந்தப்ப மனுஷன் இப்படிச் சிரிச்சதே இல்ல' என்று நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

கடைசியில் நிறுவனத்துக்கே புகார் எழுதினார். 'தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். கணக்குக்கு உரியவர் காலமாகிவிட்டதால் அவருடைய புகார்களை ஏற்பதற்கில்லை' என்று உடனே பதில் வந்தது.

"விடுங்க. பசிக்குதுல்ல? அப்ப இருக்கீங்கன்னுதான் அர்த்தம்" என்றாள் மனைவி.

பசிக்கத்தான் செய்தது. ஆனாலும் தன் சாவுக்கு யார் யார் அழுதிருக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியுமா? மனைவியின் போனை வாங்கி, இரங்கல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

பழைய கூட்டாளி எழுதியிருந்தார்.

'என்னை விட்டுட்டு முந்திக்கிட்டியேடா. ஒரு தடவை வந்து பேசியிருக்கலாம். எனக்குக் கோபமே இல்லடா.'

ஸ்டூடியோவை இருவரும் சேர்ந்துதான் தொடங்கினார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தை, கேமராவில் படம் பதியும் மெமரி கார்டே போடாமல், முழுநாளும் எடுத்துத் தள்ளினார்கள். பெண் வீட்டார் வந்து கத்தியபோது ஸ்டூடியோக்காரர் கூட்டாளியைக் கைகாட்டினார். கூட்டாளி ஒரு வார்த்தை பேசாமல் பையை எடுத்துக்கொண்டு வெளியூர் போய்விட்டார். கார்டு போட மறந்தது தான்தான் என்பது ஸ்டூடியோக்காரருக்கு மட்டும் தெரியும். அன்று சாயங்காலமே தெரியும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்ததில் ஒன்பது வருடம் ஓடிவிட்டது. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. கூடவே, இப்படியாவது செத்தோமே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

கூட்டாளியின் பழைய எண்ணை அழைத்தார். எடுத்தது அவருடைய மகள். குரலிலேயே அடையாளம் தெரிந்தது.

"அம்மாடி, நான் ஸ்டூடியோ மாமா பேசறேன். பயப்படாதே, நான் சாகலை, அது கம்ப்யூட்டர் பண்ண கூத்து. அப்பா எழுதினதைப் பார்த்தேன். அந்தக் கார்டை மறந்தது நான்தான்மா, அவர் பேர்ல தப்பே இல்ல. இதை அவர்கிட்ட நானே சொல்லணும். போனைக் கொஞ்சம் அவர்கிட்ட குடு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அவள் நிறுத்தினாள்.

"மாமா, அப்பா போய் ரெண்டு வருஷமாச்சு. அவர் கணக்கு மட்டும்தான், யார் செத்தாலும், அவர் எப்பவோ யாருக்கோ எழுதின அதே மூணு வரியைத் தானாவே போட்டுக்கிட்டிருக்கு."