பட்டாம்பூச்சி வரலாம், பூச்சி வரக் கூடாது

கைப்பிடி வைத்த நாற்காலியில் தலைவர் லோகநாதன். மின்விசிறிக்கு நேர்கீழே பொருளாளர் சாராள். கதவோரம், எழுந்து போகத் தோதாக, உறுப்பினர் கல்பனா. மேசை முன் செயலாளராகிய நான். பட்டாம்பூச்சிகளின் நலனுக்காகத் தீர்மானம் போட்ட உலகின் முதல் குடியிருப்போர் சங்கம், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சங்கமே. வருங்காலம் கேட்கும் என்பதால் இருக்கை விவரத்தை முதலில் பதிகிறேன்.

பட்டாம்பூச்சிப் பூங்கா போட்டாயிற்று. திருநின்றவூர் சின்னதுரை கடையில் வாங்கிய எலுமிச்சை, கறிவேப்பிலை, இட்லிப்பூ எல்லாம் உருக்காலைப் புகையையும் மீறித் தழைத்தன. ரசீதிலேயே 'பட்டாம்பூச்சி கேரண்டி' என்று முத்திரை. அடுத்த மாதம் திறப்பு விழா, தாசில்தார் வருகிறார். இந்நிலையில்தான் எலுமிச்சை இலையில் புழு.

"காக்கா எச்சம் மாதிரி கீது. அதுவும் அசையுது!" என்றார் தலைவர்.

"அதுதான் சார் பட்டாம்பூச்சி," என்றார் கல்பனா.

"ரெக்கை எங்கம்மா?"

"வரும் சார். மொதல்ல கூட்டுப்புழு ஆவணும். விழாவுக்குள்ள பறந்துடும்."

"கூட்டத்தைக் கேக்காம அது எப்படி கூட்டுப்புழு ஆவும்?" என்றார் சாராள். இந்தச் சட்ட நுணுக்கத்தில் அவை சற்று நேரம் மெய்மறந்தது.

வாக்கெடுப்பில், புழு பட்டாம்பூச்சி அல்ல என்பது மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் உண்மையாயிற்று.

"புழுவோட ஒரே ஒரு கிளைய ஒடிச்சிக்கினு போறேன். அதுக்கும் ஓட்டா?" என்றார் கல்பனா, எழுந்துகொண்டே.

"எடுத்துக்கினு போம்மா. பேஜாரு வுட்டுது," என்றார் தலைவர்.

பூச்சிமருந்தையும் சின்னதுரையிடமே வாங்கினேன். "அடிச்சா ஒண்ணும் தங்காது சார், கேரண்டி," என்றார். இரண்டாவது கேரண்டி உடனே பலித்தது. மாலைக்குள் புழு, எறும்பு, தேனீ, ஓர் ஓணான் என அனைவரும் 'பூரண ஒத்துழைப்பு' நல்கினர். புதிதாக வந்து சேர்பவர்களுக்காக வாரந்தோறும் அடித்தோம்.

விழா நாள். இலைகள் பளபளத்தன. தாசில்தார் அண்ணாந்து பார்த்தார். "பட்டாம்பூச்சி எங்க?"

"வந்துக்கினே கீது சார். ரோட்ல லாரி ஜாம்," என்றார் தலைவர். பிறகு என் காதில், "கல்பனாம்மா ஊட்ல ஊறுகா பாட்டில்ல ஒண்ணு வளருதாமே? சங்கத்துக்கு ஒப்படைக்கச் சொல்லு."

கல்பனா பாட்டிலோடு வந்தார். ஆனால் மதிலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "உள்ள உட மாட்டேன் சார். எல பூரா மருந்து."

"தாசில்தார் நிக்கிறாரும்மா!"

கல்பனா பாட்டில் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். கறுப்பும் மஞ்சளுமாய் ஒன்று எழும்பியது. எங்கள் எலுமிச்சையை நோக்கியே வந்தது. உள்ளே தலைவர் இரு கைகளாலும், "வாம்மா, வா!" வெளியே கல்பனா துப்பட்டாவை வீசிக்கொண்டே, "போ! போயிடு!" தாசில்தார் இரண்டு பக்கமும் பார்த்துப் பொதுவாகக் கை தட்டினார். இலைக்கு ஒரு விரற்கடை மேலே வந்த பட்டாம்பூச்சி சட்டென்று திரும்பி, மதில் தாண்டி, உருக்காலைப் பக்கத்து முட்புதருக்குப் பறந்துபோயிற்று. கல்பனா அப்போதுதான் மூச்சு விட்டார். 'வெளிநடப்பு' என்று குறிப்பேட்டில் பதிந்தேன்.

அன்றே சின்னதுரைக்கு முறைப்படி இரண்டு கடிதங்கள் எழுதினேன். செடி குறித்த புகாரில்: 'ஒன்றுகூட வரவில்லை.' மருந்து குறித்த பாராட்டில்: 'ஒன்றுகூடத் தப்பவில்லை.' கடை ஒன்றுதானே என்று இரண்டையும் ஒரே உறையில் இட்டு, பசை தடவி ஒட்டி, தபாலில் சேர்த்தேன்.