பொத்தானெல்லாம் என் பெயர்

நான் கட்டியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் வரப்போவதைப் படித்துவிட்டு, இவன் ஒரு வெறும் ஆள் என்று நினைத்துவிடுவீர்கள்.

மாத்தளை டவுனில் மரக்கறிப் பெட்டிப் பலகையால் ஒரு கடை கட்டினேன். எண்பத்து மூன்று கலவரத்தில் எரித்தார்கள். அதே இடத்தில் கல்லால் கட்டினேன். தட்டெழுத்தை இரண்டு விரலால் பழகினேன்; பத்து விரலும் பழகியவர்கள் பிறகு என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள். கொழும்பிலிருந்து ஃபோட்டோகாப்பி மெஷினை மரக்கறி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தேன் (முதல் பிரதியில் ஒரு முட்டைக்கோவா இலையும் சேர்ந்து விழுந்தது, தெளிவாகவே இருந்தது). பிறகு ஃபேக்ஸ், பிறகு மூன்று கம்பியூட்டர். மாத்தளையில் பாதிப் பேருடைய மனுக்கள் என் கடையில் பிறந்தவைதான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதிலும் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் பாதி நாள் என்னைத் தன் போஞ்சிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற விட்டுவிடுவார். என் மனைவி பாக்கியத்தின் அப்பா தோட்டத்துக் கங்காணி. “இவனுக்கா பொண்ணு?” என்று கேட்டார். இவனுக்குத்தான் கொடுத்தார்.

இவ்வளவும் கட்டியவன், ஊர் ஊராகத் தமிழர்கள் கடிதம் எழுதப் பாவிக்கிற ஒரு கம்பியூட்டர் புரோகிராமிலும் ஒரு பகுதியைக் கட்டினான். அதைக் கட்டியதைவிட, இடிக்கப் பார்த்ததுதான் பெரிய கதை.

சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்துகொண்டிருந்த வருடங்கள். ரிஸ்னா டீச்சர் ஒரு சீடியோடு கடைக்கு வந்தார். டவுன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் பலாபத்வலை வாசிகசாலையில் பெண்களுக்குக் கம்பியூட்டர் பழக்கிக் கொடுப்பவர். சீடியில் இருந்தது கடிதம் எழுதுகிற புரோகிராம்.

“யாரோடது டீச்சர் இது?”

“யாரோடதும் இல்லண்ணே. எல்லாரும் சேந்து கட்டுறது. யாரும் உள்ளுக்குத் தெறந்து பாக்கலாம், திருத்தலாம், திருத்தினத மத்தவங்களுக்கும் குடுக்கலாம்.”

“மொதலாளி?”

“இல்ல.”

“சம்பளம்?”

“இல்ல.”

“அப்ப அதட்டுறது யாரு?”

“யாரும் அதட்டுறதில்லண்ணே.”

அந்த நிமிடமே அந்த நிறுவனத்தின் குறை என்ன என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதட்ட ஆள் இல்லை. நான் சேர்ந்துகொண்டேன்.

டீச்சரின் கவலை ஒன்றே ஒன்றுதான். வகுப்புக்கு வரும் பெண்களுக்கு ஆங்கிலம் வராது. புரோகிராம் தமிழில் பேச வேண்டும். அதற்காக அவரும் இன்னும் சிலரும், திரையில் வருகிற கேள்வி, எச்சரிக்கை, பொத்தானில் இருக்கிற சொல் எல்லாவற்றையும் இரண்டு வருடமாக வரி வரியாகத் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். புதிய பதிப்பு வரப்போகிறது. அதில் தமிழ் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த பதிப்புக்கு இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு வரி. “இவருக்கு நான் பொறுப்பு” என்று எழுதிக்கொடுத்து, அந்த வரிகளை டீச்சர் எனக்கு வாங்கித் தந்தார். எந்த வரியின் ஆங்கிலம் எனக்குப் புரியவில்லையோ, அதை அவர் வாயால் சொல்வார். நான் தமிழில் அடிக்க வேண்டும்.

கூடவே, இந்தக் கூட்டத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார். முதல் வரியே, மற்றவர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மரியாதை எனக்கு வர வேண்டிய சாமான். அதை நான் ஏன் படிக்க வேண்டும்? தாளைத் திருப்பி, ஃபோட்டோகாப்பி மெஷினில் மை சரியாக விழுகிறதா என்று பார்க்கப் பாவித்தேன்.

முதல் பத்து வரி அனுப்பியதும் மட்டக்களப்பிலிருந்து அருள் என்று ஒருவர் ஈமெயில் போட்டார். வரிகள் நன்றாக இருக்கின்றனவாம். ஆனால் பொத்தானுக்குள் அடங்காதாம். கொஞ்சம் சுருக்கலாமா என்று கேட்டிருந்தார்.

சுருக்கவா? நான் ஒரு மனுவுக்கு நாலு பக்கம் எழுதுகிறவன். எல்லோரும் பார்க்கும்படி பதில் போட்டேன்: “தம்பி, மீசை முளைக்காத வயதில் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். இனிமேல் என் வேலையை ஒருவரும் தொடக் கூடாது.”

ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது: “ஐயா, மீசை முளைக்கவில்லை என்பது சரி. முளைக்கவும் போவதில்லை. நான் பெண். தபால் கந்தோரில் வேலை. நீங்கள் கேட்டபடி உங்கள் வரிகளை இனி நான் தொடவில்லை.”

(நாடு நாடாக எத்தனை பேர் அதைப் படித்துச் சிரித்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.)

வரிகளைச் சரிபார்க்கிற பொறுப்பு அந்தப் பிள்ளையுடையது. அவளைத்தான் நான் துரத்தியிருந்தேன். அது எனக்கு வெற்றியாகத் தெரிந்தது.

இனி என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். எங்கள் அம்மன் கோயிலில் யார் எதைக் கொடுத்தாலும் அதில் பெயர் எழுதுவது வழக்கம். மணியில், கதிரையில், குடத்தில், எல்லாவற்றிலும் ‘உபயம்: இன்னார்’. நானும் ஒரு டியூப் லைட் கொடுத்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் கடைப் பெயரையும் எழுதியதில் வெளிச்சம் சற்றுக் குறைவுதான். ஆனால் அந்த மூலையில் இருட்டைக் கொடுத்தவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அப்படியிருக்க, சம்பளமில்லாமல் இருநூற்றுப் பன்னிரண்டு வரி கொடுக்கிறவன் பெயர் போடாமல் கொடுப்பானா? ஒவ்வொரு வரியிலும் போட்டேன். கடைசியில் போட்டால் யார் படிப்பார்கள்? முன்னால் போட்டேன். ‘உபயம்: சு. மாயழகு, மாத்தளை.’ அதற்குப் பிறகுதான் வரி. பதினோராம் நாள் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பினேன். டீச்சருக்குப் பரீட்சைத் தாள் திருத்துகிற நேரம். என்னை நம்பி, பார்க்காமலே உள்ளே சேர்த்துவிட்டார்.

சோதனைப் பதிப்பு வந்தது. அந்தச் சனிக்கிழமை வகுப்பில் அதைப் போடப்போவதாக டீச்சர் சொன்னார். பாராட்டு நடக்கிற இடத்தில் பாராட்டப்படுகிறவன் இல்லாவிட்டால் எப்படி? வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு, பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் செக்பொயிண்டில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். நான் சொன்னேன். சீடியில் தொடங்கி, யாருக்கும் சொந்தமில்லாத புரோகிராம் என்றால் என்ன என்பது வரை சொன்னேன். பாதியிலேயே அவர் “யன்ன, யன்ன” என்று கையை வீசினார். அந்த நாட்களில் ஒரு செக்பொயிண்டில், போ போ என்று கெஞ்சி அனுப்பப்பட்ட ஒரே தமிழன் நான்தான்.

வாசிகசாலைக்குள் நுழைந்தபோது ஏழெட்டுப் பெண்கள் ஒரே திரையைச் சுற்றி நின்றார்கள். என் வேலையைத்தான் ரசிக்கிறார்கள் என்று நினைத்து, பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

திரையின் முன்னால் இருந்தவர் நாவுலையிலிருந்து வருகிற ஓர் அம்மா. கட்டாரில் இருக்கும் தம்பிக்கு வாழ்க்கையிலேயே முதன்முறையாகத் தானே அடித்த கடிதம். காலையிலிருந்து அடித்திருக்கிறார். முடித்து மூடும்போது புரோகிராம் ஏதோ கேட்டிருக்கிறது. கீழே இரண்டு பொத்தான். ஒன்றில் ‘உபயம்: சு. மாய’. மற்றதிலும் ‘உபயம்: சு. மாய’. அவ்வளவுதான் இடம் இருந்தது. கடிதத்தைச் சேமிக்கவா, வீசவா என்பது இரண்டும் பொத்தானுக்கு வெளியே போய்விட்டிருந்தது. அந்த அம்மா ஒன்றை அமுக்கியிருக்கிறார். கடிதம் போய்விட்டது.

“டீச்சர், யாரு இந்த மாய?” என்றார் அவர். “இங்க வரச் சொல்லுங்க. அந்தாளக் கொஞ்சம் பாக்கணும்.”

டீச்சர் திரும்பினார். என் வெள்ளைச் சேர்ட்டைப் பார்த்தார். “யா அல்லாஹ்” என்றார், மெதுவாக.

பாக்கியம் என் முழங்கையைக் கிள்ளினாள். “கையக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க. கும்புடுங்க.”

கும்பிட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “காலையிலருந்து அடிச்சேன் ஐயா,” என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. அங்கேயே உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அந்தக் கடிதத்தை நான் திரும்ப அடித்துக் கொடுத்தேன். முடித்ததும், எந்தப் பொத்தான் என்று டீச்சரைக் கேட்டுத்தான் அமுக்கினேன்.

திங்கட்கிழமை, அந்தப் பதிப்பைக் கவனிக்கிற ஹென்ரிக் என்பவரிடமிருந்து கடிதம். ஏதோ ஒரு குளிர் தேசம். டீச்சர் கடையில் நின்று தமிழில் வாசித்தார்: “தமிழில் ஒரு பிழை வந்திருக்கிறது. வியாழக்கிழமைக்குள் திருத்த முடியுமா? முடியாவிட்டால் இந்தப் பதிப்பில் தமிழை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும். உதவி வேண்டுமானால் கேளுங்கள்.”

“யாரு செஞ்சதுன்னு கேக்கலையா டீச்சர்?”

“கேக்கலண்ணே.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், பழகின வேலை.

என் பெயரை நானே அழிக்க உட்கார்ந்தேன். செவ்வாய் முழுவதும், புதன் பகல்வரை. நாற்பது வரிதான் முடிந்தது. அதிலும் ஆறேழு இடத்தில் அழிக்கக் கூடாததை அழித்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்த டீச்சர் திரையைப் பார்த்துவிட்டு, கதிரையில் விழுந்தாற்போல் உட்கார்ந்தார். இரண்டு வருட வேலை, இன்னும் ஒரு நாள்.

“அருள்கிட்ட கேளுங்கண்ணே. அந்தப் புள்ள செஞ்சிரும்.”

“நீங்க கேளுங்களேன் டீச்சர்.”

“நானா திட்டினேன்?”

பாக்கியம் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் சற்றுச் சத்தமாகவே வைத்தாள். “ரெண்டு வெரல்ல தானே திட்டினீங்க? அதே ரெண்டு வெரல்ல மன்னிப்புக் கேளுங்க.”

கேட்டேன். எல்லோரும் பார்க்கும்படியே கேட்டேன். மூன்று வரிதான். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய மனு அது.

தேத்தண்ணி ஆறவில்லை, பதில் வந்துவிட்டது. நான் இரண்டு நாளாக ஒவ்வொன்றாகப் பிடுங்கியதை அந்தப் பிள்ளை ஒரே கட்டளையில் எல்லா வரியிலிருந்தும் எடுத்திருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: “ஐயா, உங்கள் தமிழில் நான் கை வைக்கவில்லை. ‘அழித்தால் திரும்ப வராது, யோசித்துச் சொல்லுங்கள்’ என்பது நான் எழுதியிருக்கக்கூடியதைவிட நல்ல வரி. பொத்தான்களை மட்டும் சுருக்கினேன். நீங்கள் பார்த்துச் சம்மதம் சொன்னால் அனுப்பிவிடலாம்.”

சம்மதம் கேட்கிறாள்! அதுவும் என்னிடம்! சொன்னேன். வியாழக்கிழமை தமிழ் ஏறியது. டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து போன் பண்ணினார். என்ன சொன்னார் என்று தெரியாது. பாதி சிரிப்பு, பாதி அழுகை.

இங்கே கதையை முடித்திருக்கலாம். நான் முடிக்கவில்லை.

நெகிழ்ந்துபோய் இன்னொரு கடிதம் போட்டேன். எல்லோருக்கும் பெரிய கடிதம்; ஹென்ரிக்குக்காக அருள் அதை ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டாள். கடைசி வரி இது: “என் பெயர் எந்த மூலையிலும் வேண்டாம். உங்களோடு வேலை செய்ததே எனக்குப் போதும்.”

உங்களுக்கு விளங்கும். கல்யாண வீட்டில் முதல் தடவை பாயசம் வரும்போது வேண்டாம் என்போம். அது நம்முடைய மரியாதை. அவர்கள் வற்புறுத்துவார்கள், அது அவர்களுடைய மரியாதை. மூன்றாம் தடவை, “சரி, உங்களுக்காக” என்போம். மாத்தளை முழுக்க இப்படித்தான் பாயசம் சாப்பிடுகிறது. நான் இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தேன்.

ஹென்ரிக்கின் பதில் ஒரே வரி. டீச்சர் வாசித்தார்: “திரு. மாயழகு அவர்களின் விருப்பத்தை மதித்து, அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.”

“எடுத்துட்டாங்களா? எதிலருந்து டீச்சர்?”

“பேர்ப் பட்டியல்லருந்து. வேல செஞ்ச எல்லார் பேரும் அதில இருக்குமே. ஒங்க பேர நான் மொத நாளே போட்டுட்டேன். அந்தத் தாள்லயும் இருந்திச்சே, வாசிக்கலையா?”

(மை சோதித்த தாள்.)

“திரும்பப் போடச் சொல்லுங்களேன்.”

“நான் சொல்லக் கூடாதுண்ணே. ஒங்க விருப்பத்த நீங்கதான் சொல்லணும்.”

சொல்லவில்லை. வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் எழுதியவன், எந்த முகத்தோடு வேண்டும் என்று எழுதுவான்? வீட்டில் மட்டும் இது நிலைத்துவிட்டது. இன்னொரு தோசை வைக்கவா என்று பாக்கியம் கேட்பாள். பழக்கதோஷத்தில் “வேணாம்” என்பேன். “ஒங்க விருப்பத்த மதிக்கிறோம்” என்று தட்டையே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மருமகள் வந்த முதல் வாரமே பழகிக்கொண்டாள். பேரப்பிள்ளைகளும் அப்படித்தான். என் வீட்டில் நான் அரைப் பட்டினி.

அந்தப் பட்டியலை நான் இப்போதும் திறந்து பார்ப்பதுண்டு. ரிஸ்னா டீச்சர் இருக்கிறார், அருள் இருக்கிறாள், ஒரே ஒரு கால்புள்ளியைத் திருத்திய யாரோ ஒருவர்கூட இருக்கிறார். அந்த நாவுலை அம்மாவின் பெயரும் இருக்கிறது, பிழையைக் கண்டுபிடித்தவராம்.

ஆகவே, இதன் மூலம் சம்பந்தப்பட்டவர்களுக்கு அறியத் தருவது: அந்த இருநூற்றுப் பன்னிரண்டு வரியும் என்னுடையவை. அழித்தால் திரும்ப வராது, யோசித்துச் சொல்லுங்கள் என்று இன்றும் தமிழர்களை எச்சரிக்கிறவன் நான். யோசித்துவிட்டேன். வேண்டும். பொத்தானில் வேண்டாம், முன்னால் வேண்டாம், ஊர்கூட வேண்டாம். அகர வரிசையில் எங்கே வருமோ அங்கே, சின்ன எழுத்தில், சு. மாயழகு. இது என் விருப்பம். நீங்கள் மதிக்கிறவர்கள். போடுங்கள்.